தலைக்கு 74 சென்ட்: நம் ஊரின் இயற்கை வரவு-செலவை எழுதிப் பார்க்கும் முறை

தருமபுரி மாவட்டத்தின் மொத்தப் பரப்பை 2011 மக்கள்தொகைக் கணக்கால் வகுத்தால் தலைக்கு 74 சென்ட் வருகிறது. கிருஷ்ணகிரியில் 68 சென்ட். இந்தியா முழுவதற்கும் இதே கணக்கைப் போட்டால் 67 சென்ட். மலை, காடு, பாறை, ஏரி, ரோடு, சிப்காட் தொழிற்பேட்டை எல்லாம் இதற்குள் அடக்கம். சாப்பாடு, மாட்டுத் தீவனம், விறகு, வீட்டு மனை, நாம் விடும் புகையை உறிஞ்சும் மரம் என அத்தனைக்கும் இந்த 74 சென்ட்தான் கைமுதல்.

ஒரு நாடு தன் கைமுதலுக்குள் வாழ்கிறதா என்று பார்க்கும் கணக்குக்குச் சூழலியல் தடம் என்று பெயர். 1990களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் மாத்திஸ் வாக்கர்நாகலும் உருவாக்கிய முறை. பயிர் நிலம், மேய்ச்சல் நிலம், காடு, மீன்பிடி நீர்ப்பரப்பு, கட்டடம் எழும்பிய நிலம், கரியமில வாயுவை உறிஞ்சத் தேவைப்படும் காடு என்று ஆறு பத்தி. ஒரு நாடு நுகர்வதையெல்லாம் இந்த ஆறில் ஏதோ ஒரு நிலமாக மாற்றி எழுத வேண்டும். பயிர் நிலமும் மேய்ச்சல் நிலமும் ஒரே விளைச்சல் தருவதில்லை என்பதால் எல்லாவற்றையும் 'உலக ஹெக்டேர்' என்ற பொது அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஒரு ஹெக்டேர் பயிர் நிலம் ஏறத்தாழ 2.5 உலக ஹெக்டேர், காடு ஏறத்தாழ ஒன்றேகால், மேய்ச்சல் நிலம் அரைக்கும் சற்றுக் குறைவு.

இந்த அளவில் சராசரி இந்தியரின் செலவு சுமார் 1.2 உலக ஹெக்டேர், அதாவது 3 ஏக்கர். வரவு சுமார் 0.4, அதாவது ஒரு ஏக்கர். தலைக்கு 67 சென்ட்தானே, ஏக்கர் எப்படி வந்தது என்று கேட்கலாம். நம் நாட்டில் பாதிக்கு மேல் பயிர் நிலம்; அதற்கு எடை கூடுதல் என்பதால் பொது அளவில் ஏறிவிடுகிறது. அமெரிக்கரின் செலவு 7 உலக ஹெக்டேருக்கு மேல். அவரோடு ஒப்பிட்டால் நாம் சிக்கனம்தான், ஆனால் கையில் இருப்பதோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு கடன்.

தருமபுரிக்காரர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாட்டுக் கணக்கில் நிலத்தடி நீருக்குப் பத்தியே கிடையாது. அரித்துப் போகும் மேல்மண்ணுக்கும் இல்லை, குவாரியில் வெட்டும் கருங்கல்லுக்கும் இல்லை. கல்லை அறுக்கச் செலவான டீசலும் கரண்டும் மட்டும் புகையாகக் கணக்கில் ஏறும். நம் இரு மாவட்டங்களிலும் முதலில் தீர்வது தண்ணீர்தான். எனவே ஊர் அளவில் எழுதும்போது இரண்டு ஏடு வேண்டும்: ஒன்று நிலத்துக்கு, ஒன்று நீருக்கு. இரண்டும் சில இடங்களில் ஒன்றுக்கொன்று எதிராகப் பேசும். கணக்குப் போடுவதன் பலனே அங்கேதான் இருக்கிறது.

கீழே வரும் எண்களுக்கு 3,000 பேர், 750 குடும்பம், 2,000 ஏக்கர் கொண்ட ஒரு மாதிரி ஊரை எடுத்துக்கொள்கிறோம். உங்கள் ஊர் எண்ணை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏட்டைத் திறக்குமுன்

எல்லையை முதலில் முடிவு செய்யுங்கள். ஊராட்சி எல்லையும் வருவாய்க் கிராம எல்லையும் பல இடங்களில் ஒன்றாக இருக்காது. நில ஏட்டுக்கு வருவாய்க் கிராமமே வசதி, ஏனென்றால் அ-பதிவேடும் (நிலப் பதிவேடு) அடங்கலும் (பயிர்ப் பதிவேடு) அப்படித்தான் இருக்கின்றன. நீர் ஏட்டுக்கு அந்த எல்லை போதாது. மேட்டிலிருந்து எந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறதோ அதுதான் எல்லை. இரண்டும் பொருந்தாவிட்டால் எவ்வளவு ஏக்கர் வெளியே போகிறது, எவ்வளவு உள்ளே வருகிறது என்று ஒரு வரி குறித்துவையுங்கள்.

கணக்கு ஆண்டு அடுத்த சிக்கல். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பசலிப்படி ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஓடும். மழையோ ஜூனிலேயே தொடங்கிவிடும். ஜூன் மழையை எந்த ஆண்டில் சேர்ப்பது என்ற குழப்பத்தில்தான் பல ஊர்க் கணக்குகள் இரண்டாம் ஆண்டில் படுத்துவிடுகின்றன. மழையை மாதவாரியாக எழுதி வைத்துவிட்டால், நீர் ஏட்டுக்கு ஜூன் முதல் மே வரையும், நில ஏட்டுக்குப் பசலியையும் பின்னால் தனித்தனியாகக் கூட்டிக்கொள்ளலாம்.

தேவையான சாமான் அதிகமில்லை: 50 கிலோ தொங்கு தராசு, 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், 100 மீட்டர் டேப், கிணற்றுக்குக் கல் கட்டிய கயிறு, ஒரு மழைமானி, கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். மழைமானி வாங்க முடியாவிட்டால் அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலம் உள்ள பாத்திரம் போதும். அதில் நின்ற நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்தால் அதுவே மழை அளவு. வாய் அகன்ற குண்டாவை வைத்தால் கணக்கு பொய்யாகிவிடும். பக்கத்து மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை 8:30க்குப் பாருங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் எடுக்கிறது.

ஆவணத்தில் கிடைப்பதை அங்கே எடுங்கள். பயிர்ப் பரப்பு அடங்கலில், வீட்டு எண்ணிக்கை ஊராட்சிச் செயலரிடம், மாடு ஆடு எண்ணிக்கை கால்நடை மருந்தகத்தில், அரிசி அளவு ரேஷன் கடையில், பால் அளவு கூட்டுறவுச் சங்கத்தில். ஒன்றை மட்டும் கண்ணை மூடி நம்ப வேண்டாம்: அடங்கலில் இரண்டாம் போகத் தக்காளியும் சாமந்தியும் விட்டுப்போவது சகஜம். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் ஒரே வயலில் ஆண்டுக்கு இரண்டு முறை தக்காளி ஏறும். ஏட்டில் ஒன்றுதான் இருக்கும்.

மீதத்தை வீடு வீடாகக் கேட்க வேண்டும். 750 குடும்பத்தையும் கேட்க முடியாது. நிலமில்லாதவர், மானாவாரிக்காரர், போர் (ஆழ்துளைக் கிணறு) வைத்திருப்பவர், ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்வருபவர் என்று நான்காகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 10 வீடு எடுங்கள். வந்த சராசரியை அந்தந்தப் பிரிவின் குடும்ப எண்ணிக்கையால் பெருக்கிய பிறகே கூட்டவேண்டும். 40 வீட்டையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால், பத்தே வீட்டுக்காரர்களின் கார் பெட்ரோல் ஊரையே கார்க்கார ஊராக்கிவிடும்.

நில ஏடு

சூத்திரம் ஒன்றுதான்: நுகர்வு என்பது ஊரில் விளைந்தது, கூட்டல் வெளியிலிருந்து வந்தது, கழித்தல் வெளியே போனது. போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போன ஆடும் கூழ் ஆலைக்குப் போன பெங்களூரா மாங்காயும் நம் நுகர்வு அல்ல. வாங்கித் தின்றவர் கணக்கில் ஏறும். நமக்கு வந்த ரேஷன் அரிசியின் நிலம் நம் கணக்கில் ஏறும்.

தானியத்தை எடுத்துக்கொள்வோம். தலைக்கு மாதம் 10 கிலோ என்றால் 3,000 பேருக்கு ஆண்டுக்கு 360 டன். முழுவதும் அரிசி என்று வைத்தால், ஏக்கருக்கு 2 டன் நெல், அரைத்தால் 1.3 டன் அரிசி. ஆக 277 ஏக்கர் ஒருபோக நெல் வேண்டும். முழுவதும் மானாவாரி ராகி என்று வைத்தால், ஏக்கருக்கு முக்கால் டன் வீதம் 480 ஏக்கர். நில ஏடு மட்டும் வைத்திருப்பவர் அரிசிதான் சிக்கனம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அதே 277 ஏக்கர் நெல்லுக்குத் தண்ணீர் எவ்வளவு? 1,200 மி.மீ. கணக்கில் ஏக்கருக்கு 48.6 லட்சம் லிட்டர்; மொத்தம் சுமார் 135 கோடி லிட்டர். இந்த மாதிரி ஊரின் நிலத்தடிக்கு ஓர் ஆண்டில் வருவதைப்போல் இரண்டு மடங்கு என்பது கீழே தெரியும். மானாவாரி ராகிக்கு மோட்டாரே போடவேண்டாம். அந்த 135 கோடியும் நம் ஊரில் செலவாவதில்லை என்பது வேறு விஷயம். நாம் தின்னும் ரேஷன் அரிசியில் ஒரு பங்கு, ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்கு இறங்கிய தண்ணீரில் டெல்டாவில் விளைந்து லாரி ஏறித் திரும்பி வந்ததாக இருக்கும்.

எடை அளவில் ஏமாறாதீர்கள். மூட்டை, வல்லம், படி, தக்காளிப் பெட்டி எல்லாமே ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொன்றிலும் ஐந்தை எடுத்து நிறுத்து, சராசரியை ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

தீவனத்தில் எல்லாவற்றையும் உலர் எடைக்குக் கொண்டுவந்தால்தான் கூட்ட முடியும். 400 கிலோ கலப்பினப் பசு நாளுக்குத் தன் எடையில் சுமார் 2.5 சதம், அதாவது 10 கிலோ உலர் தீவனம் தின்னும், ஆண்டுக்கு 3.65 டன். 600 மாட்டுக்கு 2,190 டன். ராகித்தாள், சோளத்தட்டு, கடலைக்கொடியை அப்படியே உலர் எடையாகக் கொள்ளலாம். கோ-4, கோ-5 புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 10 கிலோ அறுத்தால் 2 கிலோதான் எழுதவேண்டும். இதைப் பார்க்காமல் பச்சை எடையைச் சேர்த்த ஊர், தீவனத்தில் உபரி என்று எழுதிவிட்டு மாசியிலேயே வைக்கோல் லாரிக்குக் காத்து நிற்கும். புண்ணாக்கு, தவிடு, வெளியூர் வைக்கோல் மூன்றும் வெளியிலிருந்து வந்த பத்தியில். எல்லாம் எழுதியபிறகும் துண்டு விழுந்தால், அந்தத் துண்டு மேய்க்கால் புறம்போக்கிலிருந்தோ காட்டு ஓரத்திலிருந்தோ வருகிறது என்று பொருள்.

இரட்டைக் கணக்கு விழுவதும் இங்கேதான். ராகி விளைந்த ஏக்கரை உணவில் எழுதியாயிற்று. அதே ஏக்கரின் தாளைத் தின்ற மாட்டுக்கு மறுபடி ஏக்கர் எழுதக்கூடாது. தீவனத்துக்கென்றே போட்ட சோளம், புல் நிலத்தை மட்டும் எழுதுங்கள்.

விறகுக்கு மூன்று நாள் எடை போதும். முதல் நாள் வீட்டில் இருக்கும் விறகுச் சுமையை நிறுத்து வைத்து, மூன்றாம் நாள் மிச்சத்தை நிறுத்தால் செலவு தெரியும். ஐப்பசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை செய்யுங்கள். ஈர விறகு எடையைக் கூட்டிக் காட்டும், வெந்நீர் போடும் மாதத்தில் செலவும் கூடும். எந்த மரம் என்றும் கேளுங்கள். சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும் அடுப்பில் எரிந்தால் அதைக் கடன் பத்தியில் போடவேண்டாம் என்பது எங்கள் கருத்து. வெட்டினாலும் தானே தழைத்து இடத்தைப் பிடிக்கும் அவை ஊரின் கைமுதல் அல்ல. காப்புக்காட்டு உசிலையும் வேலாவும் அப்படியல்ல.

புகைப் பத்திக்கு பில்லும் பெருக்கலும் போதும். மின்சாரம் யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு, பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசல் 2.7 கிலோ, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 42.5 கிலோ. கடல் உறிஞ்சும் பங்கு போக, ஒரு டன் கரியமில வாயுவை உறிஞ்ச ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலக ஹெக்டேர் வேண்டும். மாதிரி ஊரில்:

வீட்டு மின்சாரம், குடும்பத்துக்கு மாதம் 100 யூனிட்: ஆண்டுக்கு 630 டன்.
விவசாய மோட்டார் 120, ஒவ்வொன்றும் 4.5 கிலோவாட், ஆண்டுக்கு 1,000 மணி நேரம்: 378 டன்.
சிலிண்டர், குடும்பத்துக்கு 7: 223 டன்.
600 பைக், மாதம் 8 லிட்டர்: 132 டன்.

மொத்தம் 1,363 டன். மூன்றால் வகுத்து 3,000 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 0.15 உலக ஹெக்டேர், அதாவது 37 சென்ட். பொது அளவுச் சென்ட்டும் நம் காணிச் சென்ட்டும் நேருக்கு நேர் ஒன்றல்ல, ஆனால் தராசில் வைத்துப் பார்க்க உதவும்: 74இல் பாதி வீட்டுக் கரண்டுக்கும் மோட்டாருக்கும் அடுப்புக்கும் பைக்குக்குமே போகிறது. சிமெண்ட், கம்பி, உரம், துணி எதுவும் இன்னும் சேரவில்லை. மின்சார வாரிய பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதை மறந்து அப்படியே 12ஆல் பெருக்கிவிடாதீர்கள். விவசாய இணைப்புக்கு பில்லே வராது என்பதால் அது அடியோடு விட்டுப்போகும். அதை எப்படிப் பிடிப்பது என்பது அடுத்த ஏட்டில் இருக்கிறது.

நீர் ஏடு

வரவிலிருந்து தொடங்குவோம். இரு மாவட்டங்களிலும் ஆண்டு மழை பொதுவாக 800 முதல் 900 மி.மீ. வரை; தென்மேற்கும் தரும், வடகிழக்கும் தரும். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் 4,047 லிட்டர். ஆனால் பெய்ததெல்லாம் கீழே போகாது. நமக்குக் கீழே இருப்பது கருங்கல்லும் நைஸ் (gneiss) என்ற கடினப் பாறையும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் பின்பற்றும் அளவுப்படி, களி குறைந்த சிதைந்த பாறையில் மழையில் சுமார் 11 சதம், களி மிகுந்திருந்தால் 8 சதம், வெடிப்பில்லாத கட்டுப்பாறையில் 1 முதல் 3 சதம்தான் இறங்கும். ஊரில் கிணறு வெட்டியவரைக் கேட்டால் எத்தனை அடியில் பாறை தட்டியது, மேலே செம்மண்ணா களியா என்று சர்வே எண் வாரியாகச் சொல்வார். அதை வைத்து ஊரை மூன்று துண்டாகப் பிரித்துப் போடுங்கள். இங்கே எளிமைக்காக 10 சதம்.

850 மி.மீ.யில் 10 சதம் 85 மி.மீ. 2,000 ஏக்கருக்கு 68.8 கோடி லிட்டர். தானே ஓடையில் கசிந்து வெளியேறும் பங்காக 10 சதத்தைக் கழித்தால் எடுக்கக் கூடியது 61.9 கோடி. அதற்கு மேல் எடுப்பது முன் ஆண்டுகளின் சேமிப்பு.

செலவுக்கு முதலில் எளிதானவை. குடிநீர், தலைக்கு நாளுக்கு 55 லிட்டர்: ஆண்டுக்கு 6 கோடி. மாடு நாளுக்கு 50 லிட்டர், ஆடு 5 லிட்டர் என்று 600 மாடு, 800 ஆட்டுக்கு 1.2 கோடி. குடிநீர் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து முழுதும் வந்தால் அந்த 6 கோடியைச் செலவில் எழுதாமல், வெளியிலிருந்து வந்த நீர் என்று தனியாகக் குறிக்கவேண்டும். பாதி அதுவும் பாதி ஊர் போரும் என்றால் பாதி எழுதுங்கள்.

பாசனம்தான் பெரிய புள்ளி. இதை இரண்டு வழியில் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

மோட்டார் வழி: ஒவ்வொரு போரிலும் டிரம்மை வைத்து 200 லிட்டர் நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். மோட்டார் போட்டு அரை மணி நேரம் கழித்தே அளக்கவேண்டும். முதலில் கொட்டுவது போர்க்குழாயில் இரவெல்லாம் தேங்கி நின்ற தண்ணீர். அதை அளந்தால் ஒன்றுக்கு ஒன்றரையாகக் காட்டும். 160 வினாடி ஆனால் வினாடிக்கு 1.25 லிட்டர், மணிக்கு 4,500 லிட்டர். 5 குதிரைத்திறன் மோட்டார் 600 அடியிலிருந்து இறைத்தால் ஏறக்குறைய இதுதான் வரும். அதற்கு மேல் ஒருவர் சொன்னால் ஒன்று மோட்டார் பெரிது, அல்லது பேச்சு பெரிது. நாளுக்கு 5 மணி நேரம், 200 நாள் என்றால் ஒரு போருக்கு 45 லட்சம் லிட்டர்; 120 போருக்கு 54 கோடி. மோட்டார் எத்தனை மணி ஓடியது என்பதற்கு ஆளின் ஞாபகத்தை நம்பாமல், பத்துப் போருக்காவது ஸ்டார்ட்டர் பெட்டியில் மணி காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். நில ஏட்டில் விட்டுப்போகும் விவசாய மின்சாரமும் இதிலிருந்தே வந்துவிடும். அளவை ஐப்பசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை எடுத்துச் சராசரி போடுங்கள். மழைக்காலத்தில் மட்டும் எடுத்தால் எல்லாப் போரும் நன்றாகத்தான் ஓடும்.

பயிர் வழி: ஏக்கரைப் பயிரின் நீர்த் தேவையால் பெருக்குவது. ராகி 350 மி.மீ. வீதம் 14.2 லட்சம் லிட்டர், தக்காளி 600 மி.மீ. வீதம் 24.3 லட்சம், நெல் 48.6 லட்சம், கரும்பு 2,000 மி.மீ. வீதம் 81 லட்சம். ஆடியில் நட்ட பயிருக்கு இதில் ஒரு நல்ல பங்கை மழையே கொடுத்துவிடும். மாசி, பங்குனியில் நட்டால் அத்தனையும் போர் தண்ணீர். காய்க்கிற மாமரத்துக்குப் பெரும்பாலும் தண்ணீர் விடுவதில்லை. கன்றுக்கு விடுவதை மட்டும் சேருங்கள்.

இரண்டு வழியும் கால் பங்குக்கு மேல் வித்தியாசப்பட்டால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ஓடிய மணி நேரத்தைக் கூட்டிச் சொன்னது, அடங்கலில் வராத இரண்டாம் போகம், டேங்கர் லாரியில் விற்ற தண்ணீர். மூன்றாவதை யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள். வண்டித் தடத்தைப் பார்த்துத்தான் எழுதவேண்டும்.

இப்போது கூட்டுங்கள். 54 கோடியும் 7.2 கோடியும் 61.2 கோடி. எடுக்கக் கூடியது 61.9. ஏறக்குறைய 99 சதம். அரசு அளவில் 70 சதம் வரை பாதுகாப்பு, 90 வரை பாதி அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் மிகை நுகர்வு. தமிழ்நாட்டில் இதைப் பல ஊர்கள் சேர்ந்த பகுதி வாரியாக வெளியிடுகிறார்கள். உங்கள் பகுதி எந்த வகை என்று பார்த்து உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். பக்கத்து ஊர் ஏரிப் பாசனத்தில் செழிப்பாக இருந்தால் பகுதி முழுதும் பாதுகாப்பு என்று வரும், உங்கள் ஊர் மட்டும் வறண்டு கிடக்கும்.

அத்தோடு நிறுத்திவிடாமல் மழை குறைந்த ஆண்டையும் போட்டுப் பாருங்கள். 600 மி.மீ. என்றால் எடுக்கக் கூடியது 43.7 கோடி. மோட்டார் அதேபோல் ஓடினால் 140 சதம். ஆயிரம் அடிக்குப் போர் போடுகிறவர்கள் கேட்க வேண்டிய கணக்கு இதுதான். ஆழம் கூடுவதால் வரவு கூடுவதில்லை. பழைய சேமிப்பு வேகமாகக் காலியாகிறது.

ஆழத்தோடு இன்னொன்றும் வருகிறது. பாறையோடு நெடுநாள் கிடந்த நீரில் ஃபுளோரைடு கரைந்திருக்கும். தருமபுரியில் மஞ்சள் படிந்த பற்களுக்கும் மடங்காத முட்டிகளுக்கும் காரணம் அதுதான். ஒகேனக்கல் திட்டமே அதற்காக வந்தது. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மி.கிராம், வேறு வழியில்லாதபோது 1.5 வரை. எனவே நீர் ஏட்டில் ஒவ்வொரு குடிநீர்ப் போருக்கும் ஃபுளோரைடு பத்தி ஒன்று போடுங்கள். மேல்நிலைத் தொட்டியில் காவிரி நீரையும் போர் நீரையும் கலந்து விடும் ஊரில் போர் எண்ணிக்கை மட்டும் போதாது; குழாயடியில் பிடித்துச் சோதியுங்கள், கோடையில் அவசியம் ஒருமுறை. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

கிணற்று நீர்மட்டம் கணக்குக்குச் சாட்சி. ஐந்து கிணற்றை எடுத்து, மோட்டார் போடுமுன் அதிகாலையில், ஜனவரியிலும் மே மாதத்திலும் கயிற்றில் அளந்து எழுதுங்கள். கயிறு நனைந்தால் நீளும். அளந்த உடனே தரையில் விரித்து டேப்பில் பார்க்கவேண்டும். மே அளவு ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே போய், ஏடு மட்டும் உபரி என்று காட்டினால் ஏடுதான் தவறு.

கணக்கு வந்தபிறகு

99ஐ 70க்குக் கொண்டுவர மாதிரி ஊர் ஆண்டுக்கு சுமார் 18 கோடி லிட்டர் தேடவேண்டும். யோசனை கேட்டால் முதலில் எல்லோரும் சொல்வது கசிவுநீர்க் குட்டை. ஒரு ஏக்கர் பரப்பு, சராசரி 2 மீட்டர் ஆழம் என்றால் ஒருமுறை நிரம்பினால் 81 லட்சம் லிட்டர். ஆண்டில் மூன்று முறை நிரம்பி, ஆவியாகும் பங்கு 30 சதம் போனால் 1.7 கோடி. பத்துப் பதினோரு குட்டை வேண்டும், அத்தனையும் நிரம்பவும் வேண்டும். குட்டை வெட்டுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி மோட்டார் மணியைக் கூட்டாதீர்கள். புதிதாக வெட்டுவதைவிட இருக்கும் ஏரியின் வரத்துக் கால்வாயைத் தூர்வாருவது மலிவு. வட்டாட்சியர் அனுமதி பெற்று அள்ளும் வண்டல் மானாவாரி வயலுக்கும் ஆகும். ஏரிக் கொள்ளளவைப் போடும்போது பரப்பை அதிக ஆழத்தால் பெருக்கி அப்படியே எழுதுவது பொதுவான தவறு. அடி கிண்ணம்போல் இருப்பதால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் வரும்.

பயிரில் கைவைத்தால் அதே 18 கோடி 22 ஏக்கர் கரும்பிலோ, 74 ஏக்கர் கோடைத் தக்காளியிலோ கிடைக்கும். முழுதாக விடவேண்டும் என்பதில்லை. கோடைத் தக்காளியை ஆடிப் பட்டத்துக்குத் தள்ளினாலே ஒரு பகுதி தேறும், விலை ஏற்ற இறக்கம் வேறு கதை. சொட்டுநீர் போட்டால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்பது உண்மைதான். மிச்சமான தண்ணீரில் அதே விவசாயி இன்னும் அரை ஏக்கர் நட்டுவிட்டால் ஊர் ஏட்டில் மிச்சம் பூஜ்யம். எனவே சொட்டுநீர் மானியத்தை எழுதும் பக்கத்தில் அந்தப் போரின் பாசன ஏக்கரையும் எழுதுங்கள்.

வீட்டுக் கூரை நீரையும் சேர்க்கலாம். 1,000 சதுர அடிக் கூரை 850 மி.மீ. மழையில் ஆண்டுக்குச் சுமார் 63,000 லிட்டர் தரும். வற்றிய போருக்குள் விடுவதானால் பக்கத்தில் 2 மீட்டர் குழி, அடியில் உருண்டைக் கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல் போட்டு வடிகட்டி விடுங்கள். முதல் மழையைத் திருப்பி வெளியே விடவேண்டும். வயல் நீரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் போருக்குள் விடவேண்டாம். மருந்தும் உரமும் நேரே குடிநீர் வெடிப்புக்குள் போகும். சேறு அடைத்த பாறை வெடிப்பைத் திறக்க வழியில்லை.

ஏட்டை ஊர்முன் வைக்க இரண்டு நாள் பொருத்தம்: மார்ச் 22, அக்டோபர் 2, இரண்டிலும் கிராம சபை கூடுகிறது. அக்டோபரில் தென்மேற்கு மழை தெரிந்திருக்கும், அடுத்த போகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று பேசலாம். மார்ச்சில் கோடைக்குக் குடிநீர்ப் போர்களை ஒதுக்கிவைப்பதைப் பேசலாம். பலகையில் தனிப் போர்க்காரர் பெயரை எழுதாதீர்கள். குக்கிராமம் வாரியாகக் கூட்டிய எண் போதும், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு டிரம்மைத் தூக்கிக்கொண்டு போக எந்த வயலிலும் இடம் கிடைக்காது. இரண்டாம் ஆண்டு எல்லா எண்ணையும் திரும்ப எடுக்கவேண்டிய அவசியமில்லை. மழை, ஐந்து கிணறு, பத்து மோட்டார் மீட்டர், அடங்கல் நான்கும் போதும். விறகையும் தீவனத்தையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை எடுத்தால் சரி.